வாசகர் கேள்வி: றாப், அம்பா, கோட்டை வாசல்

உயர்தரம் படிக்கிற என் மகன் நாள் முழுக்க காதில் இயர்ஃபோனோடு றாப் (தாளத்துக்கு வேகமாகச் சொல்கிற பாட்டு) எழுதிக்கொண்டிருக்கிறான். ஏசினால், "இது காலனித்துவத்திடமிருந்து அறிவை மீட்கிற வேலை அம்மா" என்கிறான். இதென்ன புதுக் கதை?
– ஒரு தாய், உவர்மலை

மகன் சொல்வது பொய்யில்லை அக்கா. ஆனால் அதற்கு அறைக்குள் இருந்தால் போதாது, கொஞ்சம் வெயிலில் அலைய வேண்டும்.

றாப் அடங்கிய ஹிப்ஹொப் கலை பிறந்ததாகச் சொல்கிற நாள் 1973 ஓகஸ்ட் 11. நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் தங்கை வைத்த பார்ட்டிக்கு அண்ணன் இசைத்தட்டுப் போட்டார். டிஜே கூல் ஹேர்க் என்கிற அந்த அண்ணன் ஜமெய்க்காவில் பிறந்தவர், அந்தத் தீவும் 1962 வரை வெள்ளைக்காரனிடம்தான் இருந்தது. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதியை வைத்துக்கொண்டு, பாட்டை விட்டுவிட்டு மேளம் மட்டும் வருகிற துண்டை அவர் மாற்றி மாற்றி ஓட்டினார், சனம் எழும்பி ஆடியது அந்தத் துண்டுக்குத்தான். டிஜே, றாப், ஆட்டம், சுவர் எழுத்து என்று நான்கு கூறு சொல்லிவிட்டு, ஐந்தாவதாக 'அறிவு' என்பதையும் பின்னாளில் சேர்த்தார்கள். நம் பொடியன்கள் முதல் நான்கைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவதை விட்டுவிடுவதுதான் எனக்கு எரிச்சல்.

இங்கே பாருங்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று நம் திருகோணமலைத் துறைமுகத்தை யார் யார் பிடித்தார்கள் என்ற வரிசையைப் பாடமாக்கிப் புள்ளி எடுக்கிறோம், அந்தக் கரையில் வலை இழுத்தவன் என்ன பாடினான் என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். குளக்கோட்டன் என்கிற மன்னன் செய்த கோயில் திருப்பணியைப் பறங்கி (போர்த்துக்கேயன்) பிரிப்பான் என்று சொல்கிற தமிழ்ப்பாட்டு கோட்டை வாசல் கல்லில் இன்றும் இருக்கிறது, பக்கத்தில் இரட்டை மீன் சின்னம். உள்ளே மேய்கிற மானுக்குக் கொடுக்கிற நேரத்தைக்கூட நாம் அதற்குக் கொடுப்பதில்லை.

அப்புறம் அம்பா, மீனவர் பாட்டு. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து ஏற்றுப் பாடுவார்கள், கயிறு வருகிற இழுவையில்தான் தாளம் விழும், மூச்சு வாங்குகிற இடத்தில் வரி முடியும். வரியை நாலு நாலாக எண்ணி றாப் எழுதுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார். பல இடங்களில் டிராக்டரும் கயிறு சுற்றுகிற வின்ச்சும் வலையை இழுக்க வந்துவிட்டன, இயந்திரத்துக்குப் பாட்டு எதற்கு? பாடத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு றாப் பாடகர் அறிவு 2021 இல் 'என்ஜாய் எஞ்சாமி' பாடியபோது பின்னால் இருந்ததும் அவருடைய பாட்டியின் கதைதான், இங்கே தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியாவுக்குப் போக நேர்ந்த தலைமுறையின் கதை. அது எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் எழுதியதில்லை, வீட்டில் கேட்டது.

ஆகவே ஏசாதீர்கள். ஆனால் "இந்தக் கிழமை யாரிடம் போய் என்ன கேட்டாய்?" என்று கேளுங்கள். முழிப்பான்.

ஆங்கிலத்தில் பாடினால்தானே வெளிநாட்டுக்காரன் கேட்பான்?
– வாசகர், கிண்ணியா

கேட்கட்டும், வேண்டாமென்றா சொன்னேன்? மேற்கு ஆபிரிக்காவின் செனகலில் 2013 இல் இரண்டு றாப்பர்கள் செய்தியையே றாப்பாக வாசிக்கத் தொடங்கினார்கள், ஒருவர் பிரெஞ்சில், மற்றவர் வொலோஃப் மொழியில். அரச மொழி பிரெஞ்சுதான், ஆனால் சந்தையில் மீன் விற்கிற அம்மாவுக்கும் நாட்டுநடப்பு விளங்க வேண்டுமென்றால் வொலோஃப் வேண்டும். நீங்களும் இரண்டிலும் பாடலாம். ஒன்று மட்டும்: கிண்ணியாவில் இருந்துகொண்டு சென்னைக்காரன் மாதிரி இழுத்துப் பாடாதீர்கள். ஆங்கிலத்தை விட்டு இன்னொருவனுடைய வாய்க்குள் போய்க் குந்துவதில் என்ன விடுதலை? உங்கள் உம்மாவும் வாப்பாவும் பேசுகிற பேச்சிலேயே நல்ல எதுகை கிடக்கிறது.

சொல்லிசை (றாப்) எழுத ஆசை. பீட் என்கிற பின்னணித் தாளம் வாங்கக் காசில்லை. என்ன செய்யலாம்?
– மாணவி, சாம்பல்தீவு

போன் இருக்கிறதல்லவா தங்கச்சி, அது போதும். உரல் இடிக்கிற சத்தம், படகு இயந்திரம், அம்பாவில் ஒரு வரி, எதையாவது பதிந்து நாலு செக்கன் வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள், அதற்கு இலவச ஆப்கள் தாராளம். பாடித் தருகிறவரிடம் அனுமதி கேளுங்கள், அவர் பெயரை உங்கள் பெயருக்கு மேலே போடுங்கள், காசு வந்தால் பங்கு கொடுங்கள். கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிற வேலையை ஏற்கெனவே கப்பலில் வந்தவர்கள் செய்துவிட்டார்கள். கடற்கரையில் பதிவதென்றால் விடியக்காலையில் போங்கள், பின்னேரம் காற்றுத்தான் பாடும்.