பாட்டம் எண்ட் பலப்படுத்தல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிளாக், கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு), மெயின் கேப் (கிராங்கைப் பிளாக்கோடு பிடித்து வைக்கும் மூடி), கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைப்பது), இவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், இவற்றுக்கு நடுவே ஓடும் ஆயில். எஞ்சினின் கீழ்ப்பகுதியான பாட்டம் எண்ட் என்றால் இவ்வளவுதான். வந்த கேள்விகளில் பாதி "எந்தப் பாகம் வாங்கலாம்?" என்று தொடங்குகின்றன. பதில்களில் பாதி மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்கச் சொல்கின்றன.

கேள்வி: என்னுடையது டர்போ இல்லாத 2 லிட்டர் எஞ்சின். ரெட்லைனை (எஞ்சினின் உச்சவரம்பு வேகத்தை) 6,800-லிருந்து 8,000 ஆர்பிஎம்முக்கு உயர்த்தப் போகிறேன். நண்பர் அதே எஞ்சினில் ரெட்லைனைத் தொடாமல் டர்போ வைக்கிறார். இருவரும் ஒரே பாகங்களை மாற்றினால் போதுமா?

பதில்: இல்லை. உங்கள் எஞ்சினுக்கு ஆபத்து இழுவிசையில் இருக்கிறது, அவருடையதற்கு அமுக்குவிசையில்.

பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும்போது அதைக் கீழே இழுப்பது ராடுதான். இந்த இழுவை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும். 86 மி.மீ. ஸ்ட்ரோக், 140 மி.மீ. ராடு, பிஸ்டனும் அதை ராடோடு இணைக்கும் பின்னும் ராடின் மேல்முனையும் சேர்ந்து 550 கிராம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 6,800-ல் சுமார் 1,600 கிலோ எடை தொங்குவதற்குச் சமமான இழுவை வரும். 8,000-ல் அது 2,200 கிலோ. ஆர்பிஎம் ஏறியது 18 சதவீதம், இழுவை ஏறியது 38 சதவீதம். இதைத் தாங்குபவை இரண்டே இரண்டு ராடு போல்ட்டுகள். இழுவை உச்சத்தைத் தொடுவது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில். அப்போது பிஸ்டன் தலையில் எதிர்த்து அமுக்க வாயு அழுத்தம் இருக்காது. உச்ச வேகத்தில் ஆக்சிலரேட்டரை விட்ட நொடியில் பல எஞ்சின்கள் ராடை வெளியே தள்ளுவதற்கும், தவறான கியர் விழுந்தால் போல்ட் அறுவதற்கும் இதுவே காரணம். ஆகவே உங்கள் பணம் முதலில் ராடு போல்ட்டுக்கும் எடை குறைந்த பிஸ்டனுக்கும் போகட்டும்.

நண்பருடைய எஞ்சினில் போல்ட்டுக்குக் கூடுதல் இழுவை இல்லை. வெடிப்பின் அழுத்தம் ராடை வளைக்கப் பார்க்கும். அதுவும் 2,500, 3,000 ஆர்பிஎம்மிலேயே முழு பூஸ்டும் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) வந்தால் நிலைமை மோசம். வேகம் குறைவாக இருக்கும்போது பிஸ்டனின் நிலைமம் அழுத்தத்தில் மிகச் சிறிய பங்கையே கழிக்கும். ஏறத்தாழ முழுச் சுமையும் ராடின் தண்டிலும் மேல் பேரிங் ஓட்டிலும் (ராடுக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கும் அரைவட்டத் தகட்டிலும்) விழும். அவருக்குத் தண்டு கனமான ஃபோர்ஜ்டு (உலோகத்தை அடித்து உருவாக்கிய) ராடு வேண்டும். கூடவே, டியூனிங்கில் டார்க்கை 4,000-க்கு மேல் மெல்ல ஏற விட வேண்டும். இரண்டாவதற்குப் பாகச் செலவே இல்லை, ஆனாலும் பலர் அதைச் செய்வதில்லை.

கேள்வி: மெயின் கேப்பின் பழைய போல்ட்டுகளுக்குப் பதில் ஸ்டட் (தலையில்லாத, மேலே நட்டால் இறுக்கும் மரைக்கம்பி) போடுகிறேன். லைன் ஹோனிங் (கிராங்க் உட்காரும் துளைகளை ஒரே நேர்கோட்டில் தேய்த்துச் சரிசெய்வது) கட்டாயமா?

பதில்: அளப்பது கட்டாயம். ஹோனிங் தேவையா என்பதை அளவு சொல்லும். ஸ்டட்டின் பிடிப்பு போல்ட்டைவிட அதிகம், கேப்பை அது அமுக்கும் இடமும் சற்று மாறும். அதனால் வட்டமாக இருந்த கிராங்க் துளை நுண்ணளவில் நீள்வட்டமாகலாம்.

வரிசை இப்படி: பிளாக்கின் மரைத் துளைகளில் சில்லு, பழைய ஆயில் எதுவும் இல்லாமல் சுத்தம் செய்து காற்றடித்துக் காய வையுங்கள். அடி மூடிய துளையில் ஆயில் தேங்கியிருந்தால் ஸ்டட் இறங்கும்போது அது ஒதுங்க இடமின்றி பிளாக்கையே பிளந்துவிடும். ஸ்டட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். முறுக்கு முழுவதும் மேலே நட்டில்தான். நட்டின் மரையிலும் வாஷரின் மேல்முகத்திலும் தயாரிப்பாளர் கொடுத்த மசகைத் தடவி, மூன்று கட்டங்களாக, நடுக் கேப்பிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்குங்கள். பேரிங் போடாமல், ஒவ்வொரு துளையையும் நெடுக்காகவும் இரு சாய்கோணங்களிலும் டயல் போர் கேஜால் (துளையின் உள்விட்டத்தை அளக்கும் கருவி) அளந்து, எஞ்சினின் சர்வீஸ் கையேடு தரும் வரம்போடு ஒப்பிடுங்கள். எல்லாத் துளைகளும் உள்ளே இருந்தால் ஹோனிங் வேண்டாம்.

வேண்டியிருந்தால் ஒரு எச்சரிக்கை. லைன் ஹோனிங்குக்கு முன் கேப்பின் அடிமுகத்தைச் சிறிது சீவுவார்கள். அதன்பின் கிராங்கின் மையம் சிலிண்டர் ஹெட் பக்கம் கொஞ்சம் நகரும். டைமிங் செயின் தளரும், கிராங்க் மூக்கில் (முன்முனையில்) உட்காரும் ஆயில் பம்பின் மையமும் விலகும். பட்டறைக்காரரிடம் "மேல்பக்கம் எவ்வளவு எடுத்தீர்கள்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். புதிதாக ஸ்டீல் கேப் வாங்கினால் அளக்கும் கேள்வியே எழாது. லைன் போரிங்கும் ஹோனிங்கும் செய்தே ஆக வேண்டும்.

கேள்வி: ராடு போல்ட்டை டார்க் ரெஞ்சில் இறுக்குவதா, நீட்சியை அளந்து இறுக்குவதா?

பதில்: அளக்க வழியிருந்தால் நீட்சி. நீங்கள் போடும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் தலைக்கு அடியிலும் உள்ள உராய்வில் கரைந்துவிடுகிறது. மிச்சம்தான் போல்ட்டை இழுக்கிறது. மசகு மாறினால் அந்த மிச்சமும் மாறும். மாலிப்டினம் மசகுக்கு எழுதிய முறுக்கை வெறும் எஞ்சின் ஆயிலோடு போட்டால் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும், பிடிப்பு போதாது. எதிர்மாறாகச் செய்தால் போல்ட் அளவுக்கு மீறி நீண்டுவிடும்.

போல்ட்டுகளுக்கு எண் போட்டு, இறுக்குமுன் ஒவ்வொன்றின் நீளத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். மசகு தடவி இறுக்கிக்கொண்டே இருமுனைக் குழிகளில் ஸ்ட்ரெச் கேஜை வைத்துப் பாருங்கள். தயாரிப்பாளரின் தாளில் உள்ள எண்ணில் நிறுத்துங்கள். பல போல்ட்டுகளுக்கு அது 0.13 முதல் 0.18 மி.மீ. வரை இருக்கும், ஆனால் உங்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளே இறுதி. பழைய போல்ட்டைக் கழற்றும்போதும் நீளம் பாருங்கள். புதிதாக இருந்ததைவிட 0.025 மி.மீ. கூடியிருந்தால் அது தளர்ந்த ஸ்பிரிங், குப்பைக்குப் போகட்டும்.

பழைய ராடில் போல்ட்டை மட்டும் மாற்றுபவர்கள் பிக் எண்ட் (ராடின் கிராங்க் பக்க முனை) துளையை மறுபடி அளக்க வேண்டும். காரணம் மெயின் ஸ்டட்டுக்குச் சொன்னதேதான். ராடு, கேப்போடு ஒரே துண்டாகச் செய்து பின் உடைத்துப் பிரித்த வகையாக இருந்தால் கேப் முகத்தைச் சீவித் திருத்த வழியில்லை. அந்த வகையில் கேப்புகளை இடம் மாற்றிப் போட்டால் ராடு அத்தோடு முடிந்தது. எல்19 ரகப் போல்ட்டு வாங்கியவர்கள் வெறும் கையால் தொடாதீர்கள். வலிமை மிகுந்த அந்த உலோகத்துக்கு ஈரமும் வியர்வையும் ஆகாது.

கேள்வி: பந்தய எஞ்சினுக்கு பேரிங் இடைவெளி அதிகம் இருந்தால் நல்லது என்கிறார்களே?

பதில்: ஒரு அளவுக்குத்தான். பழைய கைக்கணக்கு: ஜர்னல் (கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் உருளைப் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 48 மி.மீ. ஜர்னலுக்கு சுமார் 0.048 மி.மீ. கடுமையாக ஓட்டும் எஞ்சினில் இதற்கு மேல் 0.01 மி.மீ. வரை சேர்ப்பதுண்டு. அதைத் தாண்டுமுன் ஒரு கணக்கைப் பாருங்கள். இடுக்கு வழியே கசியும் ஆயிலின் அளவு இடைவெளியின் மும்மடியில் (கியூபில்) ஏறும். 0.045-ஐ 0.065 ஆக்கினால், அதே ஆயில், அதே அழுத்தத்தில் கசிவு ஏறத்தாழ மூன்று மடங்கு. பழைய பம்ப் அதை ஈடுகட்டாது. சூடான ஐடிலில் அழுத்தம் விழும். கெட்டியான ஆயில் ஊற்றி அழுத்த மீட்டரைச் சமாதானப்படுத்தலாம், ஆனால் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது ஆயில் பேரிங்குக்குப் போய்ச் சேரத் தாமதமாகும்.

அலுமினிய பிளாக்கில் இன்னொன்று உண்டு. சூடேறும்போது மெயின் துளை கிராங்கைவிட அதிகம் விரியும். குளிரில் அளந்ததைவிட ஓட்டத்தில் இடைவெளி கூடும் என்பதால், இரும்பு பிளாக்கின் எண்ணை இதற்கு எடுக்காதீர்கள்.

அளக்கும் முறை: ஜர்னலை மைக்ரோமீட்டரில் அளந்து, அதே மைக்ரோமீட்டரில் போர் கேஜைப் பூஜ்யம் செய்து, பேரிங் ஓடுகளோடு கேப்பை முழு முறுக்கில் இறுக்கியபின் உள்ளே அளவு பாருங்கள். முள் காட்டுவதே இடைவெளி. கேப் பிரியும் கோட்டுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். அந்தக் கோட்டருகே ஓடு வேண்டுமென்றே மெலிதாகச் செய்யப்பட்டிருக்கும், அங்கே அளந்தால் ஏமாறுவீர்கள். பிளாஸ்டிகேஜ் இழை (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டுவது) பெரிய தவறைக் காட்டிக்கொடுக்கும், 0.005 மி.மீ. வித்தியாசத்தைக் காட்டாது.

கேள்வி: பிரித்தபோது ராடு பேரிங்கின் மேல் ஓடு மட்டும் அடிவாங்கியிருக்கிறது, கீழ் ஓடு பளபளப்பு. ஆயில் பம்பை மாற்றட்டுமா?

பதில்: பம்பை விடுங்கள். ஆயில் வராமல் போயிருந்தால் இரண்டு ஓடுகளும் வழித்தெடுத்தது போல் இருக்கும், நீலம் பாய்ந்த தடமும் தெரியும். மேல் ஓட்டில் வெடிப்பு விரிசலோ உதிர்ந்த செதிலோ இருந்தால் மேலிருந்து யாரோ சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். அந்தச் சுத்தியல் நாக்கிங், அதாவது எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது. இக்னிஷன் டைமிங்கையும் எரிபொருள் கலவையையும் சரிசெய்யாமல் இன்னும் கடினமான பேரிங் போட்டால் அடுத்தது பிஸ்டனின் ரிங் மேடு உடையும்.

கீழ் ஓடு மட்டும் தேய்ந்திருந்தால் அளவுக்கு மிஞ்சிய ஆர்பிஎம். ஒரு ஓட்டின் இடது ஓரமும் எதிர் ஓட்டின் வலது ஓரமும் தேய்ந்திருந்தால் ராடு கோணியிருக்கிறது. ஓட்டின் ஓரம் மட்டும் முழு வளைவிலும் வழித்திருந்தால், அரைத்த கிராங்கின் மூலை வளைவில் ஓடு ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தைச் சாய்வாகச் செதுக்கிய பேரிங் வாங்க வேண்டும்.

கேள்வி: மெயின் கேப்புகளை இணைக்கும் சட்டமான கிர்டில் போட்டால் பிளாக் வலுவாகிவிடுமா?

பதில்: முதலில் கேப்பைக் கழற்றி அது பிளாக்கில் உட்காரும் முகத்தைப் பாருங்கள். மங்கிய சாம்பல் திட்டும் உலோகம் உரசிய தடமும் இருந்தால் கேப் அசைந்திருக்கிறது. முகம் சுத்தமாக இருந்தால் கிர்டில் உங்களுக்குத் தேவையில்லாத எடை. அசைவு இருந்தால் முதலில் ஸ்டட், பிறகு ஸ்டீல் கேப், அதன்பின் கிர்டில். பிளாக்கின் தடுப்புச் சுவரே விரிசல் விடும் எஞ்சினை கிர்டில் காப்பாற்றாது. கிர்டில் கேப்புகளின் மேல் சமமாக உட்கார வேண்டும். ஒரு கேப் 0.05 மி.மீ. உயர்ந்திருந்தாலும் இறுக்கும்போது அதன் துளை கோணும். எல்லாக் கேப்புகளின் தலையையும் ஒரே அமைப்பில் மில்லிங் செய்து சமப்படுத்தி, கிர்டிலோடு சேர்த்து இறுக்கித் துளையை அளக்க வேண்டும்.

கேள்வி: கிராங்க் புல்லியை இலேசான அலுமினிய புல்லியாக மாற்றலாமா?

பதில்: உங்கள் புல்லிக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கிராங்கின் முறுக்கு அதிர்வை விழுங்கும் டேம்பர், கழற்ற வேண்டாம். ஒவ்வொரு வெடிப்பிலும் கிராங்க் முறுகி மீள்கிறது, நீளமான ஆறு சிலிண்டர் கிராங்கில் இன்னும் அதிகம். அந்த நடுக்கம் அடக்கப்படாமல் போனால் முதலில் சாவது கிராங்க் மூக்கில் நேரடியாக ஓடும் ஆயில் பம்பின் கியர். நிஸ்ஸான் ஜி.டி.ஆர். கார்களின் ஆறு சிலிண்டர் ஆர்.பி.26 எஞ்சின்களில் பம்ப் கியர் உடைவது ஊரறிந்த சங்கதி. தொடக்ககால ஆர்32 ஜி.டி.ஆர். கிராங்குகளில் பம்பைச் சுழற்றும் தட்டைப் பகுதி குட்டையாக இருந்ததால் அதன்மேல் அகலமான காலர் ஏற்றுவது வழக்கமாயிற்று. உறுதியான ஸ்டீல் கியர், காலர், நல்ல டேம்பர் மூன்றும் சேர்ந்தே வேலை செய்யும். எடை குறைக்க ஆசை என்றால் ஃப்ளைவீலில் குறையுங்கள்.

கேள்வி: என் கிராங்க் வார்ப்பா, ஃபோர்ஜ்டா? எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அரைக்காத பக்கவாட்டைப் பாருங்கள். மெல்லிய கோடு ஓடினால் வார்ப்பு, அகலமான பட்டையாகத் தேய்த்த தடம் என்றால் ஃபோர்ஜ்டு. வார்ப்பு என்றதும் தூக்கி எறிய வேண்டாம். மிதமான பூஸ்டில் பல வார்ப்பு கிராங்குகள் நன்றாகவே ஓடுகின்றன. எதுவானாலும் காந்தத்துகள் சோதனையில் விரிசல் பாருங்கள். முனை இரண்டையும் வி-பிளாக்கில் தாங்கி, நடு ஜர்னலில் டயல் கேஜ் வைத்து வளைவையும் பாருங்கள். கடினமான கிளட்ச் போட்டவர்கள் கிராங்கின் முன்பின் ஆட்டத்தையும் அளக்க வேண்டும். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் த்ரஸ்ட் பேரிங்தான் அந்தச் சுமையைத் தாங்குகிறது.

கேள்வி: ராடுகளை எடையில் எவ்வளவு சமப்படுத்த வேண்டும்?

பதில்: நேர்வரிசை நான்கில் பிஸ்டனும் ராடும் தனித்தனியே 1 கிராமுக்குள். ராடின் மொத்த எடையைப் பார்ப்பதோடு பிக் எண்ட், ஸ்மால் எண்ட் இரண்டையும் தனித்தனியாகத் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். 90 பாகை வி8-ல் கிராங்கைச் சமப்படுத்தவே ஜர்னல்களில் போலி எடை கட்ட வேண்டும்: சுழலும் எடை முழுதும், ஏறி இறங்கும் எடையில் பாதியும். அதனால் வி8-ல் பிஸ்டனை மாற்றினால் பேலன்சிங்கும் மறுபடி.

கேள்வி: தண்ணீர் அறையில் பாதிவரை சிமெண்ட் நிரப்பினால் சிலிண்டர் உறுதியாகும் என்று படித்தேன். தினசரி ஓட்டும் காருக்குச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். சில நொடிகள் ஓடி நிற்கும் டிராக் ரேஸ் (நேர்கோட்டுப் பந்தய) வண்டிக்கான வேலை அது. சாலையில் ஆயில் வெப்பம் ஏறும், சிலிண்டரின் அடிப்பகுதி குளிராது, ஊற்றியதைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

கேள்வி: வளைவுகளில் ஆயில் அழுத்தம் ஒரு நொடி விழுகிறது. கூடுதலாக அரை லிட்டர் ஊற்றினால் சரியாகுமா?

பதில்: அது தற்காலிக ஒட்டு. கிராங்க் தொடும் அளவுக்கு ஆயில் ஏறினால் நுரைக்கும்; நுரை பேரிங்கைத் தாங்காது. பம்பின் உறிஞ்சு குழாய் வாயைச் சுற்றி ஒருவழிக் கதவுள்ள தடுப்பு அறை அமையுங்கள். வளைவில் ஒதுங்கும் ஆயில் உள்ளே வரும், திரும்பப் போகாது. கிராங்குக்கும் சம்புக்கும் (அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கும்) நடுவே, சுழலும் கிராங்க் ஆயிலைக் கலக்காமல் தடுக்கும் விண்டேஜ் (windage) தட்டு வையுங்கள். குழாய் வாய்க்கும் சம்ப் அடிக்கும் இடைவெளி 6 முதல் 10 மி.மீ.; களிமண் உருண்டை வைத்து சம்பை மாட்டிக் கழற்றினால் அளவு தெரிந்துவிடும். பெரிய பம்ப் இங்கே எதிர்விளைவு: சம்பை இன்னும் வேகமாகக் காலி செய்து ஆயிலை மேலே ஹெட்டில் குவிக்கும். இதற்குப் பின்னும் விழுந்தால் அழுத்தச் சேமிப்புக் குடுவை ஒன்றை ஆயில் வழியில் இணைக்கலாம். அதுவரை மீட்டர் முள்ளை நம்ப வேண்டாம். ஒரு நொடிச் சரிவை அது காட்டுவதற்குள் பேரிங் அதை அனுபவித்துவிடும். அழுத்தம் ஆர்பிஎம்முக்கு ஏற்ற அளவைவிடக் குறைந்தால் இக்னிஷனை வெட்டும்படி இ.சி.யூ.வில் (எஞ்சினின் கணினியில்) எழுதி வையுங்கள். 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பி.எஸ்.ஐ. என்ற பழைய கணக்கு அதற்குத் தொடக்கப் புள்ளியாகப் போதும்.