பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் எண்ணெய்க் கலனும்: சொந்தமாகக் கார் கட்டுவோரின் கேள்விகள்

பழைய புரோட்டோன் சாகாவின் உறுப்புகளைக் கொண்டு இரண்டு இருக்கைக் கார் ஒன்றைக் கட்டி வருகிறேன். பிரேக் மிதிக்கு வலுக்கூட்டும் பூஸ்டருக்கு இடமில்லாததால், அதையும் அதனோடு இருந்த இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரையும் கழற்றிவிட்டு, பேலன்ஸ் பாருடன் 19.05 மி.மீ. சிலிண்டர்கள் இரண்டைப் பொருத்தினேன். மிதி கல்லாக இருக்கிறது. ஆனால் கார் நிற்க மறுக்கிறது. (செந்தூல்)

மிதி கல்லாக இருப்பதால் குழாய்களில் காற்று இல்லை என்று கொள்ளலாம். குறை கணக்கில்தான் இருக்கிறது. இரட்டை அறை சிலிண்டரில் உங்கள் காலின் விசை முழுவதும் இரு அறைகளிலும் ஒரே அழுத்தமாக மாறும். பேலன்ஸ் பாரோ அந்த விசையை இரண்டு சிலிண்டர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஆகவே அதே விட்டத்தில் இரண்டு சிலிண்டர்களைப் பொருத்தினால் ஒவ்வொன்றிலும் பாதி அழுத்தமே கிடைக்கும். பூஸ்டரின் உதவியும் போய்விட்டதால், நீங்கள் இரு வழிகளிலும் இழந்திருக்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய அளவுகளின்படி மிதியின் நெம்பு விகிதம் 4:1. ஏறத்தாழ 30 கிலோ, அதாவது 300 நியூட்டன் விசையில் மிதித்தால் தள்ளுதண்டுகளுக்கு 1,200 நியூட்டன் சேரும். பேலன்ஸ் பார் நடுவில் இருந்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் 600. 19.05 மி.மீ. விட்டத்தின் பரப்பு 285 சதுர மி.மீ. என்பதால் 21 பார் அழுத்தம் மட்டுமே உண்டாகிறது. பூஸ்டர் இல்லாத காருக்கு 5:1 முதல் 6:1 வரையிலான விகிதம் தேவை. மிதியின் சுழலச்சுக்கும் தள்ளுதண்டுக்கும் இடையிலான தூரத்தைக் குறைத்து 6:1 ஆக்கி, சிலிண்டர்களையும் 15.88 மி.மீ. விட்டத்துக்கு மாற்றினால், அதே கால் விசையில் 45 பார் கிடைக்கும்.

அதற்குரிய விலையை மிதியின் ஓட்டத்தில் கொடுக்க வேண்டியிருக்கும்: அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அத்தனை மடங்கு ஓட்டமும் கூடும். இங்கே அது இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். ஆகவே இப்போது மிதி எத்தனை மி.மீ. இறங்கி இறுகுகிறது என்பதை முதலில் அளந்து பாருங்கள். 30 மி.மீ. என்றால் கவலையில்லை, அது 65 ஆகும். 60 என்றால் மிதி தரையைத் தொட்டுவிடும். அந்நிலையில் விகிதத்தை மட்டும் மாற்றி, சிலிண்டரை அப்படியே வைத்திருப்பதே நல்லது. ஹாஃப் கட் (பாதியாக வெட்டி இறக்குமதியான பழைய கார்) கடையில் கிடைத்த சிலிண்டருக்கு ஏற்றபடி மிதியைக் கட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சக்கரத்தில் பேட்களை அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டனிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிட்ட பிறகே, எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் துளையிட வேண்டும்.

பேலன்ஸ் பாரைக் குறித்து இன்னொன்று. மிதியைப் பலமாக அழுத்திய நிலையில் அது தள்ளுதண்டுகளுக்குச் செங்குத்தாக இருக்கும்படி தண்டுகளின் நீளத்தை அமையுங்கள். ஓய்வு நிலையில் சற்றுச் சாய்ந்திருந்தால் பரவாயில்லை. இரு முனைகளிலும் உள்ள கவைகளுக்குப் பக்கவாட்டு இடைவெளி இல்லாவிட்டால் பார் சிக்கிக்கொள்ளும். சரிசெய்து முடிக்கும்போது, எந்தத் தரையிலும் பின்சக்கரங்களுக்கு முன்பாக முன்சக்கரங்களே பூட்டிக்கொள்ள வேண்டும்.

மிதிகளைத் தரையில் பொருத்தியதால் சிலிண்டர்கள் கேலிப்பர்களைவிடத் தாழ்வாக உள்ளன. எண்ணெய்க் கலனை மேலே வைத்துப் பெட்ரோல் குழாயால் இணைக்கலாமா? (பட்டர்வொர்த்)

கலனை மேலே வைப்பது சரி. பெட்ரோல் குழாய் கூடாது. பெட்ரோல் குழாயின் உட்புறம் நைட்ரைல் ரப்பரால் ஆனது. கிளைகால் வகை பிரேக் எண்ணெயில் அது ஊறிக் கெட்டு, துகள்கள் சிலிண்டரின் நுண்துளையை அடைக்கும். பிரேக் எண்ணெய்க்கென்று விற்கப்படும் ஈபிடிஎம் ரப்பர் குழாயைக் கேட்டு வாங்குங்கள். குழாய் சிலிண்டரிலிருந்து கலன்வரை இடையில் எங்கும் வளைந்து தாழாமல் ஏறிக்கொண்டே செல்ல வேண்டும். மேடு ஒன்று இருந்தாலும் அங்கே காற்று தங்கிவிடும்.

கலனின் எண்ணெய் மட்டம் எல்லாக் கேலிப்பர்களையும்விட உயரமாக இருந்தால் எண்ணெய் பின்னோக்கி வடியாது. அவ்வாறு உயர்த்த வழியில்லையென்றால், டிஸ்க் பிரேக்குக்கு குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் 2 பிஎஸ்ஐ மிச்ச அழுத்த வால்வு ஒன்றைக் குழாய்வழியில் சேர்க்க வேண்டும். டிரம் பிரேக்குக்குரிய 10 பிஎஸ்ஐ வால்வை டிஸ்க்குக்குப் போட்டால் பேட்கள் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.

கொள்ளளவையும் கணக்கிடுங்கள். 54 மி.மீ. ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பரில் இரு பேட்களும் பத்துப் பத்து மி.மீ. தேய்ந்தால், பிஸ்டன் 20 மி.மீ. வெளியே வந்து சுமார் 46 மி.லி. எண்ணெயை இழுத்துக்கொள்ளும்; இரு முன்சக்கரங்களுக்குமாக 92 மி.லி. ஆகிறது. அழகுக்காக வாங்கிய சிறு கலன் இதைத் தாங்காது. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிக் கலன், அல்லது நடுவே தடுப்புள்ள கலன் வேண்டும். பொதுவான ஒரே கலன் என்றால், ஒரு பக்கத்தின் கசிவு மறுபக்கத்தையும் வெறுமையாக்கிவிடும்.

நெரிசலில் சிறிது நேரம் ஓட்டியதும் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்கிறது, ஆறியதும் விட்டுவிடுகிறது. (கிள்ளான்)

மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்காததால், கலனுக்குத் திரும்பும் நுண்துளை மூடியே இருக்கிறது என்று ஐயப்படுகிறேன். சூட்டில் விரியும் எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லை. பிடித்திருக்கும் வேளையில் சமதரையில் சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைத்து, சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளை ஓரிரு மி.மீ. தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் காரணம் அதுவே: தள்ளுதண்டில் ஏறத்தாழ 1 மி.மீ. தளர்வு கொடுங்கள். பிரேக் விளக்கின் சுவிட்ச் மிதியைச் சற்றே அழுத்தி வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் தேடாத இடம் அது. நட்டைத் தளர்த்தியும் விடாமல், கேலிப்பரின் காற்றெடுக்கும் திருகைத் திறந்தால் மட்டும் விடுகிறது என்றால், உள்ளே உப்பிப்போன பழைய ரப்பர் குழாயை மாற்றுங்கள்.

பிரேக் குழாயின் எம்10 நட்டு என் புதிய சிலிண்டரில் கொஞ்சம் இறுக்கமாக ஏறுகிறது. போதுமா? (ஜார்ஜ்டவுன்)

உடனே நிறுத்துங்கள். அந்தச் சிலிண்டர் 3/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 மரையும் கொண்டதாக இருக்கலாம். அதன் மரையிடைத் தூரம் 1.058 மி.மீ.; உங்கள் நட்டுக்கு 1 மி.மீ. இரண்டு மூன்று சுற்று ஏறிவிட்டு மரையை அறுத்துவிடும்.

ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டுக்குச் சிலிக்கோன் எண்ணெயான டாட் 5 பொருத்தமா? (பெட்டாலிங் ஜெயா)

நான் பரிந்துரைப்பதில்லை. அது நீரை உறிஞ்சாது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே நுழைந்த நீர் கலக்காமல் கேலிப்பரின் அடியில் தேங்கி, 100 பாகையிலேயே கொதிக்கும். கிளைகால் வகையான டாட் 4 புதியதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த பிறகும் குறைந்தது 155 பாகை தாங்க வேண்டும் என்பது அதன் தரம். கெந்திங் மலையிலிருந்து இறங்குவோர் ஆண்டுக்கொரு முறை அதை மாற்றினால் போதும். பெயரில் நெருக்கமாக இருந்தாலும் டாட் 5.1 கிளைகால் வகையே. அதை டாட் 4 உடன் கலக்கலாம், டாட் 5 ஐக் கலக்கக் கூடாது. கிளைகால் எண்ணெய் வண்ணப்பூச்சைத் தின்னும். சிந்தினால் துடைத்துக்கொண்டிராமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.