வலையில் வந்த உருளை: உடுப்பு முதலில், போர்வை பிறகு

கேள்வி: முல்லைத்தீவில் தொழில் செய்கிறோம். போன மாதம் துருப்பிடித்த உருளை ஒன்று வலையில் சிக்கியது. பயத்தில் வலையை வெட்டி விட்டுவிட்டோம். நச்சு ஆயுதம் பட்ட வீரர்களைக் கடற்படைக் கப்பலில் கழுவி எடுப்பார்களாமே? எங்களிடம் இருப்பது ஒரு ஃபைபர் படகும் ஒரு கான் நல்ல தண்ணீரும்தான். நாங்கள் என்ன செய்ய முடியும்?

பதில்: வெட்டி விட்டது சரியான வேலை. வலை போனால் வாங்கலாம்.

கப்பலில் செய்வதில் முக்கால்வாசியை நீங்களும் செய்யலாம். அங்கே மீட்ட ஆளை நேராக உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். திறந்த மேல்தளத்திலேயே உடுப்பைக் கழற்றி, உடம்பைக் கழுவி, அப்புறம்தான் கதவைத் திறப்பார்கள். இந்த வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியின் பாரி துறைமுகம் சாட்சி. 1943 டிசம்பர் 2 இரவு ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. மூழ்கிய கப்பல்களில் ஒன்றான ஜான் ஹார்வியில் கடுகு வாயுக் குண்டுகள் இரகசியமாக ஏற்றப்பட்டிருந்தன. எண்ணெய் மிதந்த தண்ணீரில் நச்சும் கலந்தது. அதில் தத்தளித்த மாலுமிகளைத் தூக்கி, குளிருக்கு ஈர உடுப்போடேயே போர்வையைச் சுற்றிப் படுக்க வைத்தார்கள். அன்போடு செய்த காரியம்தான், ஆனால் நஞ்சை உடம்போடு கட்டி வைத்தது போலாயிற்று. மறுநாள் கண் எரிந்தது, தோல் கொப்புளித்தது. 600-க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு 83 பேர் இறந்தார்கள்.

கடுகு வாயு என்று பெயர்தானே தவிர, அது எண்ணெய் போன்ற திரவம். பட்டவுடன் வலிக்காது. பல மணி நேரம் கழித்துத்தான் கொப்புளம் வரும். ஆகவே "ஒன்றுமில்லை அண்ணை, சும்மா பிசுக்குத்தான்" என்று தம்பி சொன்னாலும் விடாதீர்கள். படகைக் காற்றுக்கு எதிர்முகமாகத் திருப்புங்கள். வாடையும் சோழகமும் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரீசேட்டைத் தலைவழியாக இழுக்காமல் கத்தரியால் வெட்டி எடுங்கள். பிசுக்கைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். கடல் தண்ணீரும் போதும். கானில் உள்ள நல்ல தண்ணீரைக் கண்ணுக்கு வையுங்கள். தார் போக மண்ணெண்ணெய் தேய்க்கிற பழக்கம் இங்கே வேண்டாம். கழுவுகிறவர் கையுறை போட வேண்டும், இல்லாவிட்டால் கையில் பொலித்தீன் பையாவது சுற்றிக்கொள்ளட்டும்.

நம் பக்கத்தில் இதைவிட நான் பயப்படுவது தீக்குண்டுகளில் போடுகிற வெள்ளைப் பொஸ்பரஸுக்குத்தான். தண்ணீருக்குள் சும்மா கிடக்கும், காற்றில் காய்ந்தால் தானே பற்றும். உள்ளிப்பூண்டு வாசமும் வெள்ளைப் புகையும் வந்தால் அதுவென்றே வையுங்கள். வட ஐரோப்பாவின் பால்டிக் கடற்கரையில் அம்பர் என்ற மஞ்சள் நிற நகைக்கல் என்று எண்ணிப் பொஸ்பரஸ் துண்டைக் கால்சட்டைப் பையில் போட்டு, அது காய்ந்ததும் தொடை வெந்தவர்கள் உண்டு. உடம்பில் பட்டால் அந்த இடத்தைத் தண்ணீருக்குள் வையுங்கள், அல்லது சொட்டச் சொட்ட நனைத்த துணியால் மூடுங்கள். ஆஸ்பத்திரி வரும்வரை துணி காயக் கூடாது. பொஸ்பரஸ் எண்ணெயில் கரைந்து உள்ளே இறங்கும். அம்மம்மா சொன்ன தேங்காயெண்ணெய், களிம்பு எதுவும் வேண்டாம்.

கரைக்கு வந்ததும் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மாஞ்சோலை ஆஸ்பத்திரி வாசலிலேயே "இரசாயனம் பட்டிருக்கலாம்" என்று சொல்லுங்கள், அவர்களும் உள்ளே எடுக்கு முன் கழுவட்டும். வெட்டிய உடுப்பை இரட்டைப் பையில் கட்டி வீட்டுக்கு வெளியே வையுங்கள். வீட்டில் துவைக்கக் கொடுக்கவோ, எரிக்கவோ வேண்டாம். பழைய இரும்புக்காரரிடம் உருளையை விற்கிற யோசனை யாருக்காவது இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள்.

அந்த வலை கிடக்கும் இடம் ஜிபிஎஸ்ஸில் பதிந்திருந்தால், 119-க்கு அழைத்துப் பொலிசுக்குச் சொல்லுங்கள். அடுத்த படகுக்காரர் அங்கே வலை விடுவதற்கு முன்.