ஆலோசகர் இல்லாத பள்ளியில் பிள்ளைகளின் மனநலத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது?

எழுநூறு பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளி, மனநல ஆலோசகர் கிடையாது, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பதினாறு வருடமாக அப்படிப்பட்ட பள்ளியில்தான் பாடம் நடத்துகிறேன். ஆசிரியர் அறையிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

சில வருடங்களுக்கு முன், ஒன்பதாவது படித்த ஒரு பெண், அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பதை ஒரு டீச்சரிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். மதியச் சாப்பாட்டுக்குள் எங்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கெட்ட எண்ணம் இல்லை, "பாவம்" என்றுதான் பேசிக்கொண்டோம். அடுத்த பீரியடில் ஒருவர் வகுப்பில் வைத்தே, "அப்பா இப்ப எப்படிம்மா?" என்று கேட்டுவிட்டார். அதோடு சரி. அந்த வருடம் முழுக்க அவள் எங்களிடம் வாயே திறக்கவில்லை. அவள் மட்டுமில்லை, அந்த வகுப்பில் யாருமே.

அதற்குப் பிறகு பிள்ளை சொன்னதை ஆசிரியர் அறையில் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். அதற்காக "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாலியல் தொல்லை என்று தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பது போக்சோ சட்டப்படி குற்றம். "யாரிடம் சொல்ல வேண்டியிருந்தாலும் முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்பதுதான் நம்மால் காப்பாற்ற முடிந்த வாக்கு.

சாவதைப் பற்றிப் பிள்ளை ஜாடையாகப் பேசினால், நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியாக விடாதீர்கள், அன்றைக்கே வீட்டாரை வரவழையுங்கள். 14416 டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 இரண்டையும் பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் எழுதி வையுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தக் கிழமை பார்க்கிறார் என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள், அவசரத்தில் தேடக்கூடாது. உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில், 100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிறுவனங்களில் ஓர் ஆலோசகராவது வேண்டும் என்று சொல்லிவிட்டது. வரும்போது வரட்டும்.

எங்களுக்கு முதலில் தகவல் தருவது பெரும்பாலும் சத்துணவு அக்காதான். எந்தப் பிள்ளை மூன்று நாளாக முட்டையைத் தொடவில்லை, எது தனியாகப் போய் உட்காருகிறது என்பது வருகைப் பதிவேட்டில் இருக்காது, அவருக்குத் தெரியும். அவரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் அன்று தவறியவர்கள் பட்டியலைப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கு நாலு வீட்டுக்கு நாங்களே போன் செய்கிறோம். வருடம் வீணாகாது, துணைத்தேர்வு உடனே வருகிறது என்பது பல அப்பாக்களுக்கே தெரிவதில்லை.

ஆசிரியர்களின் மனநலத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, தேர்தல் வேலை, அதற்கு மேல் நூறு சதவீதத் தேர்ச்சி. யோகா வகுப்பு ஒன்றும் வேண்டாம். வாரத்தில் ஒரு பீரியடாவது தலைமையாசிரியர் எங்களை எதற்கும் கூப்பிடாமல் இருந்தால் போதும்!

அப்புறம், பிள்ளைகள் குறைகளை எழுதிப் போட 2022-இல் வந்த 'மாணவர் மனசு' பெட்டி. எங்கள் பள்ளியில் அதைத் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டியிருந்தார்கள். எந்தப் பிள்ளை அங்கே வந்து சீட்டுப் போடும்? குடிநீர்க் குழாய்ப் பக்கம் மாற்றிய பிறகு முதல் சீட்டு வந்தது: பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மறுநாளே தாழ்ப்பாள் போட்டோம். வேறு மாதிரியான சீட்டுகள் அதற்கு அடுத்த வாரம்தான் வர ஆரம்பித்தன.