விமான நிலையச் சோதனையைத் தாண்டி வந்தால் ஃப்ளூ இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 64, சர்க்கரை நோய் உண்டு. என் கணவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. லண்டனில் வசிக்கும் மகள், மருமகன், 5 வயதுப் பேரன் மூவரும் டிசம்பர் கடைசி வாரத்தில் துபாய் வழியாகச் சென்னைக்கு வருகிறார்கள். அங்கே ஃப்ளூ காய்ச்சல் பரவத் தொடங்கிவிட்டது என்றும், பேரனுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது என்றும் மகள் சொல்கிறாள். மீனம்பாக்கத்தில் காய்ச்சல் இருக்கிறதா என்று சோதித்த பிறகுதானே வெளியே விடுவார்கள்? அதைத் தாண்டி வந்துவிட்டால் நாங்கள் கவலைப்படாமல் இருக்கலாமா? புறப்படும் நாளில் குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டால் பாராசிட்டமால் கொடுத்து அழைத்து வரலாமா? இங்கே பிடித்து வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகி ஒருவர், மேற்கு தாம்பரம்

பதில்: விமான நிலையச் சோதனையைத் தாண்டி வந்தார்கள் என்பதை மட்டும் வைத்து அவர்களுக்கு ஃப்ளூ இல்லை என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்கான விடையும் இதிலிருந்துதான் வருகிறது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லா நாளும் எல்லாப் பயணிகளுக்கும் வெப்பம் பார்க்கும் வழக்கம் நம் விமான நிலையங்களில் இல்லை. நடுவண் சுகாதாரத் துறையின் கீழ் இயங்கும் விமான நிலையச் சுகாதார அலுவலகம் சென்னையில் உண்டு. ஆண்டு முழுவதும் அது வேலை செய்கிறது. ஆனால் வருகிற எல்லோரையும் வரிசையில் நிறுத்திச் சோதிப்பது, 2009-இல் எச்1என்1 பரவியபோதும் 2020-இல் கோவிட் வந்தபோதும் போல, தனி உத்தரவு வரும் காலங்களில் மட்டுமே நடக்கிறது. 2022 டிசம்பர் 24 முதல் சில மாதங்கள் நடந்த கோவிட் பரிசோதனையில்கூட ஒரு விமானத்தில் வந்தவர்களில் நூற்றுக்கு 2 பேரிடம் மட்டுமே மாதிரி எடுக்கப்பட்டது. ஆண்டுதோறும் வந்து போகும் வழக்கமான ஃப்ளூவுக்காக ஒரு குடும்பத்தை நிறுத்தி வைக்கும் நடைமுறை கிடையாது. ஆகவே உங்கள் மகள் எந்தச் சோதனையும் இல்லாமல் நேராகக் குடியேற்றப் பிரிவுக்குச் சென்று, பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

சோதனை நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தெர்மல் ஸ்கேனர் உடம்புக்குள் இருக்கும் வெப்பத்தை அளப்பதில்லை. தோலிலிருந்து வெளிவரும் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு தோலின் மேற்பரப்பு வெப்பத்தைத்தான் கணக்கிடுகிறது. முகத்தில் உள் வெப்பத்துக்கு ஓரளவு நெருங்கிய அளவைத் தரும் இடம் மூக்கை ஒட்டிய கண்ணின் உள்மூலை. அந்த இடத்தைக் குறிவைக்கும் கருவி என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்வார்கள், ஏனெனில் கண்ணாடி அந்தக் கதிர்களை மறைத்துவிடும். நெற்றியில் வைத்துப் பார்க்கும் கருவியானால் வியர்வையும் நெற்றியில் விழுந்த முடியும் அளவைக் குறைத்துக் காட்டும். பல மணி நேரம் குளிரூட்டிய விமானத்தில் உட்கார்ந்து வந்தவரின் தோல் இயல்பாகவே குளிர்ந்திருக்கும். மறுபக்கம், கைக்குழந்தையையும் பையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்த ஆரோக்கியமான தாயை அதே கருவி காய்ச்சல்காரராகக் காட்டிவிடக்கூடும்.

கருவியைவிடப் பெரிய சிக்கல் நோயின் போக்கில் இருக்கிறது. ஃப்ளூ வைரஸ் உடலுக்குள் புகுந்து 1 முதல் 4 நாட்களுக்குள், பெரும்பாலும் 2 நாட்களில், அறிகுறிகள் தெரியும். லண்டனிலிருந்து துபாய் சுமார் 7 மணி நேரம், அங்கிருந்து சென்னை சுமார் 4 மணி நேரம். புறப்படும் நாளன்று பள்ளித் தோழனிடமிருந்து தொற்றிக்கொண்ட பிள்ளை, இங்கே இறங்கும்போது ஓடியாடிக்கொண்டுதான் இருப்பான். எந்தக் கருவியாலும் அவனைக் கண்டுபிடிக்க முடியாது. அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே நோய் மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிடும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஃப்ளூ வந்தவர்களில் சிலருக்குக் காய்ச்சலே வருவதில்லை. வயதானவர்களிடம் இது அதிகம். 2003-இல் சார்ஸ் என்ற கடுமையான சுவாசத் தொற்று பரவியபோது கனடாவின் விமான நிலையங்களில் ஏறத்தாழ 65 லட்சம் பயணிகளைச் சோதித்தார்கள். அவர்களில் சுமார் 9,100 பேரை மேல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒருவரிடம்கூட சார்ஸ் கண்டுபிடிக்கப்படவில்லை.

இதனால் இந்தச் சோதனைகள் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. வெளிப்படையாக நோயுற்றவரை உடனே மருத்துவரிடம் சேர்ப்பதற்கும், புதிய நோய் ஒன்று வந்தால் பயணிகளின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வாங்கி வைத்துப் பின்னர் தொடர்புகொள்வதற்கும், என்ன அறிகுறி தெரிந்தால் எங்கே போக வேண்டும் என்று வருகிறவர் கையில் ஒரு தாளைக் கொடுப்பதற்கும் அவை பயன்படுகின்றன. என் கருத்தில் கருவியைவிட அந்தத் தாளுக்குத்தான் மதிப்பு அதிகம். அதை மடித்துப் பையில் போட்டு மறந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் ஆதங்கம்.

அடுத்து, நீங்கள் பயப்படும் "பிடித்து வைத்தல்". விமானத்திலேயே ஒருவருக்கு உடல்நிலை சரியில்லை என்று தெரிந்தால் தரையிறங்குமுன் விமானி தகவல் தர வேண்டும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் காய்ச்சலும், அதனுடன் விடாத இருமல், மூச்சுத் திணறல், தோலில் தடிப்பு, தொடர்ந்து வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு, திடீர்க் குழப்பம், பார்த்தாலே தெரியும் தளர்ச்சி போன்றவற்றில் ஒன்றும் இருந்தால் அதைத் தொற்றுநோய்க்கான அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவரையோ ஸ்கேனரில் சிக்கியவரையோ தனியே உட்கார வைத்து, சற்று நேரம் கழித்து வேறு வெப்பமானியால் மறுபடி அளப்பார்கள், முகக்கவசம் தருவார்கள், எந்த ஊரிலிருந்து வருகிறார், எந்த இருக்கை, எப்போது தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று மருத்துவர் கேட்பார். தேவைப்பட்டால் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுப்பார்கள். இத்தகைய மாதிரிகளைச் சோதிக்கும் வைரஸ் ஆய்வகம் நம் ஊரிலேயே, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இருக்கிறது. சாதாரண ஃப்ளூ என்று தோன்றினால் அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூச்சுவிடச் சிரமப்படுகிறவரை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

அந்த நேரத்தில் பயணிகளுக்கும் உரிமைகள் உண்டு; அவற்றை உங்கள் மகள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. இந்தியா ஏற்றுக்கொண்டுள்ள 2005-ஆம் ஆண்டின் சர்வதேசச் சுகாதார விதிமுறைகளின்படி, உடனடிப் பொதுச் சுகாதார ஆபத்து இருக்கும் நிலை தவிர, குழந்தைக்கு மருத்துவப் பரிசோதனை செய்யப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். காத்திருக்க வைத்தால் உணவு, தண்ணீர், வீட்டாருடன் பேசுவதற்கு வசதி ஆகியவை தர வேண்டும். மரியாதையாக நடத்த வேண்டும். நோய் இருக்கிறதா என்று அறிவதற்காகச் செய்யும் சோதனைக்கும் தனிமைப்படுத்தலுக்கும், தங்கிவிடும் நோக்கமின்றி வந்து போகும் பயணியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. கோவிட் காலத்தில் பல நாடுகள் இதன்படி நடக்கவில்லை என்பதும் உண்மை. எனவே யாராவது பணம் கேட்டால் எதற்கு என்று கேட்டு ரசீது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி பாராசிட்டமால். குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் அவன் படும் அவதியைக் குறைக்க அந்த மருந்தைக் கொடுப்பதில் தவறே இல்லை. சோதனையில் தப்பிப்பதற்காகக் கொடுத்து விமானத்தில் ஏற்றுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். மருந்து வேலை செய்வது 4 முதல் 6 மணி நேரம் வரைதான். துபாய் போய்ச் சேரும் முன்பே காய்ச்சல் திரும்பிவிடும். மூக்கடைப்புள்ள குழந்தைக்கு விமானம் இறங்கும்போது வரும் காதுவலி தாங்க முடியாததாக இருக்கும். அக்கம்பக்கத்து இருக்கைகளில் கர்ப்பிணியோ புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரோ இருக்கலாம். அவர் நிலையையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

பறக்கும் விமானத்தில் காற்று மணிக்கு 20 முதல் 30 முறை மாறுகிறது. மறுசுழற்சிக் காற்று, மிக நுண்ணிய துகள்களையும் பிடித்துவிடும் ஹெப்பா வடிகட்டி வழியாக வருகிறது. அதனால் விமானம் முழுவதற்கும் தொற்றிவிடும் என்று பதற வேண்டியதில்லை. முன்னும் பின்னுமாக 2 வரிசைகளில் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் விமானம் தரையில் நிற்கும்போது அந்தக் காற்றோட்டம் ஓடுகிறதா என்பது முக்கியம். 1977-இல் அமெரிக்காவின் அலாஸ்காவில் எந்திரக் கோளாறால் ஒரு விமானம் பயணிகளுடன் சுமார் 3 மணி நேரம் தரையில் நின்றது; காற்றோட்டம் நிறுத்தப்பட்டிருந்தது; உள்ளே ஃப்ளூவோடு ஒரே ஒரு பெண் இருந்தார். அடுத்த 3 நாட்களுக்குள் உடனிருந்தவர்களில் 72 சதவீதம் பேர் நோயில் விழுந்தார்கள். இருமும் ஒருவரைக் கூடவே அழைத்துக்கொண்டு ஏறுவது எத்தகைய பொறுப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே உங்கள் மகளுக்கு நான் சொல்லும் அளவுகோல் இது: மருந்து கொடுக்காமலேயே முழுதாக 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால் புறப்படலாம். லேசான இருமல் மட்டும் மிச்சமிருந்தால் முகக்கவசம் போட்டு அழைத்து வரலாம். புறப்படும் நாளில் சுடுகிறது என்றால் தேதியை மாற்றுங்கள். பார்த்தாலே நோயாளி என்று தெரிகிறவரை ஏற்ற மறுக்க விமான நிறுவனங்களுக்கு உரிமை உண்டு என்பதால், விமான நிலையம் வரை போய்த் திரும்புவதைவிட முன்கூட்டியே பேசுவது மேல். மருத்துவரின் கடிதம் இருந்தால் தேதி மாற்றவும் பயணக் காப்பீட்டில் பணம் கேட்கவும் உதவும். விடுமுறையில் 4 நாள் குறைவது மனதுக்குக் கஷ்டம்தான், பேரனை எதிர்பார்த்துக் காத்திருக்கும் உங்களுக்கு இன்னும் கஷ்டம். ஆனால் சர்க்கரையும் இதய நோயும் உள்ள ஒரு வீட்டுக்கு ஃப்ளூ வந்தால் இழப்பு 4 நாளோடு நிற்காது.

உங்கள் வீட்டைக் காப்பது மீனம்பாக்கத்துக் கருவியைவிட உங்கள் கையில்தான் அதிகம் இருக்கிறது. நீங்களும் கணவரும் உங்கள் மருத்துவரிடம் பேசி ஃப்ளூ தடுப்பூசியை இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். போட்ட பிறகு பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும். அவர்கள் வரும் வாரத்தில் போட்டுக்கொள்வதால் பெரிய பயன் இல்லை. போன ஆண்டு போட்டது இந்த ஆண்டுக்குப் போதாது. தடுப்பூசி போட்டவர்களுக்கும் ஃப்ளூ வரலாம், ஆனால் மருத்துவமனை வரை போகும் அபாயம் குறையும். பேரனுக்கு இங்கிலாந்தில் பள்ளியிலேயே மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்து தருகிறார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாயா என்று மகளிடம் இன்றைக்கே கேளுங்கள்.

அவர்கள் வந்து இறங்கிய பிறகு முதல் 4 நாட்கள் கவனமாக இருந்தால் போதும். பேரனைக் கட்டி அணைக்காதீர்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது. சொன்னாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. அவன் நலமாக இருக்கும்வரை கொஞ்சுங்கள். ஆனால் அந்த 4 நாட்களுக்கு அவன் எச்சில் தட்டில் மிச்சம் வைத்ததைச் சாப்பிடுவது, ஒரே டம்ளரில் குடிப்பது, தாத்தாவின் பக்கத்தில் படுக்க வைப்பது ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மூக்கு ஒழுகவோ உடம்பு சுடவோ தொடங்கினால் அவன் தாயுடன் தனி அறையில் படுக்கட்டும்; அறையின் சன்னல்கள் திறந்திருக்கட்டும்; அருகில் போகும்போது நீங்கள் இருவரும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அவனை வரவேற்க உறவினர் அத்தனை பேரையும் முதல் ஞாயிற்றுக்கிழமையே விருந்துக்கு அழைக்காமல் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

உங்களுக்கோ கணவருக்கோ தொண்டை கரகரத்து, உடம்பு வலித்து, காய்ச்சல் கண்டால் "இரண்டு நாள் பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மருந்து, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன் தரும். அதை மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும். லண்டனிலிருந்து வந்தவர்களோடு இருந்தேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். காய்ச்சலில் சர்க்கரை ஏறும் என்பதால் வீட்டுக் கருவியில் அடிக்கடி பாருங்கள். சாப்பாடு இறங்கவில்லை என்று மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்த வேண்டாம். மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, பேச்சில் குழப்பம், உதடு நீலம் பாய்வது, குறைந்த காய்ச்சல் மீண்டும் ஏறுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து கலந்திருக்கும். அது இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால் பைபாஸ் செய்துகொண்ட உங்கள் கணவருக்கு அது ஆகாது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மழைக்காலம் முடியும் அந்த நாட்களில் சென்னையில் டெங்குவும் இருக்கும். வந்து ஒரு வாரம் ஆன பிறகு பேரனுக்குக் காய்ச்சல் வந்தால் அதை லண்டன் ஃப்ளூ என்று எண்ணி வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்தக் காய்ச்சல் என்று தெரியும்வரை அவனுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு வலி நிவாரணி எதுவும் வேண்டாம். குறிப்பாக ஆஸ்பிரின் கூடவே கூடாது. அதே ஆஸ்பிரினை உங்கள் கணவர் இதயத்துக்காகத் தினமும் எடுத்துக்கொள்பவராக இருந்தால், இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிட வேண்டாம். அவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த மாத்திரையைத் தொடர்வதா என்பதை அவருடைய இதய மருத்துவரிடம் அன்றே கேளுங்கள்.