‘எங்க ஆளுங்க ஓட்டு இத்தனை ஆயிரம்’: இந்தக் கணக்கை நம்பலாமா?

வள்ளியூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “தேர்தல் வந்துவிட்டால் எங்கள் ராதாபுரம் தொகுதியில் இந்தச் சாதிக்கு இத்தனை ஓட்டு, அந்த மதத்துக்கு இத்தனை ஓட்டு என்று டீக்கடை முதல் டிவி வரை கணக்குச் சொல்கிறார்கள். இது எங்கிருந்து வருகிறது? நானே சரிபார்க்க வழி உண்டா?”

தொகுதிவாரியான சாதிக் கணக்கு என்று அரசு எதையும் வெளியிட்டதில்லை. நாடு முழுக்க எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931-இல் நடந்தது. 2011 கணக்கெடுப்பில் பட்டியல் சாதி, பழங்குடியினர் எண்ணிக்கை ஊர்வாரியாகக் கிடைக்கும். மத எண்ணிக்கை வட்டம், நகரம் அளவில்தான். வட்டத்தின் எல்லை வேறு, தொகுதியின் எல்லை வேறு.

அப்படியானால் டீக்கடைக் கணக்கு? வாக்காளர் பட்டியலில் பெயரைப் பார்த்துக் கட்சிக்காரர்கள் போடும் உத்தேசம்தான் அது. பட்டியலில் வயது, வீட்டு எண், அப்பா அல்லது கணவர் பெயர் இருக்கும். சாதியோ மதமோ இருக்காது. உங்கள் பக்கத்தில் நாடார்களில் இந்துக்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. செல்வராஜ், ஜெயக்குமார் என்ற பெயரை மட்டும் வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்?

சரி, ஓட்டு எப்படி விழுந்தது என்பதற்கு உறுதியான ஆவணம் ஒன்று உண்டு: படிவம் 20. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தேடுங்கள்; உங்கள் தொகுதி எண் 228. ஒவ்வொரு பூத்துக்கும் ஒரு வரி. வேட்பாளர்வாரியாக வாக்குகள், பிறகு நோட்டா, மொத்தம். கடைசியில் தபால் வாக்குகள் தனியாக. இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று: பூத்தின் எண் மட்டும்தான் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்காது. அதே தேர்தலின் வாக்குச்சாவடிப் பட்டியலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் எந்த வரி இடிந்தகரை, எந்த வரி பணகுடி என்று தெரியும். அப்புறம், தேர்தலுக்குத் தேர்தல் பூத் எண் மாறும். எண்ணை வைத்து 2016-ஐயும் 2021-ஐயும் ஒப்பிடாதீர்கள். ஊரை, தெருவை வைத்து ஒப்பிடுங்கள். தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்த மறுசீரமைப்புக்குப் பிறகு நடந்த முதல் சட்டமன்றத் தேர்தல் 2011. அதற்கு முந்தைய எண்களை அப்படியே பக்கத்தில் வைக்க முடியாது.

சாதிக் கணக்கு மட்டுமே தீர்ப்பு எழுதுகிறது என்பவர்களுக்கு உங்கள் தொகுதியே நல்ல பதில். அப்பாவு 1996-இல் த.மா.கா., 2001-இல் சுயேச்சை, 2006-இல் தி.மு.க. என மூன்று அடையாளங்களில் அங்கே வென்றார். 2011-இல் தே.மு.தி.க.வின் மைக்கேல் ராயப்பன். 2016-இல் அ.தி.மு.க.வின் இன்பதுரை, வெறும் 49 வாக்கு வித்தியாசத்தில். 2021-இல் மறுபடி அப்பாவு. இத்தனை மாற்றத்துக்கும் ஏற்ற மாதிரி ஊரின் சாதி விகிதம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புரண்டுகொண்டா இருந்தது? வேட்பாளர் யார், கூட்டணி எது, மூன்றாவதாக நின்றவர் யாருடைய ஓட்டைப் பிரித்தார் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த 49-ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்தத் தேர்தலில் 203 தபால் வாக்குகள் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டன. அவற்றுக்குச் சான்றொப்பம் இட்ட நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் கெசட்டட் (அரசிதழ் பதிவு பெற்ற) அதிகாரிகள் அல்ல என்பது சொல்லப்பட்ட காரணம். வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கையே நடந்தது. முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஆயிரக்கணக்கில் சாதி ஓட்டு பேசும் தொகுதியில், கடைசியில் வழக்கு நின்றது ஒரு கையெழுத்தில். அதனால் படிவத்தின் கடைசியில் இருக்கும் தபால் வாக்கு வரியைப் பார்க்காமல் விடாதீர்கள்.

முதலில் உங்கள் சொந்த பூத்தை எடுங்கள். தெருவும் ஆட்களும் உங்களுக்குத் தெரியும். படிவம் சொல்வதும் நீங்கள் நினைத்ததும் எங்கே பிரிகின்றன என்று பார்த்த பிறகு, ஒரு கடலோர ஊரின் பூத்துக்குப் போங்கள்.