கருத்தரங்கில் அத்துமீறல்: புகாரை எந்தக் குழு விசாரிக்க வேண்டும்?

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. வேறொரு பல்கலைக்கழகத்தில் நடந்த தேசியக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். அமர்வுத் தலைவராக இருந்த மூத்த பேராசிரியர் மூன்றாவது ஒரு கல்லூரியைச் சேர்ந்தவர். கட்டுரையை விட்டுவிட்டு என் உடையைப் பற்றி எல்லார் முன்னிலையிலும் பேசினார். இரவு உணவின்போது முதுகில் கை வைத்தார், விலகிப் போனேன். அதன்பின் வாட்ஸ்அப்பில், ‘கட்டுரையை இதழில் போடுவது பற்றிப் பேசலாம், அறைக்கு வா’ என்று திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பினார். ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னதற்கு, ‘அவர் நம் விருந்தினர், பெரிதாக்காதேம்மா’ என்றார். என் பல்கலைக்கழகத்திலோ, ‘அங்கே நடந்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?’ என்கிறார்கள். இரண்டு மாதம் ஓடிவிட்டது. நாளை அவரே என் ஆய்வேட்டுக்குப் புறத்தேர்வாளராக வந்தால் என்ன செய்வேன்?

பதில்: முதலில் தேதியைக் கவனியுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன்படி, சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தொடர் சம்பவங்கள் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே கொடுங்கள்.

யாரிடம்? உங்கள் பல்கலைக்கழகத்தின் உள் புகார்க் குழுவிடம். ‘அங்கே நடந்தது’ என்று அவர்கள் கைகழுவியது தவறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2015 ஒழுங்குமுறை விதிகளில் ‘வளாகம்’ என்பது சுற்றுச்சுவரோடு முடிவதில்லை. களப்பயணம், முகாம், கலைவிழா என்று, நீங்கள் அந்நிறுவனத்தின் மாணவியாகக் கலந்துகொள்ளும் வெளியிட நிகழ்ச்சிகளும் அதற்குள் வருகின்றன. நீங்கள் கட்டுரை வாசித்தது அந்தத் தகுதியில்தான்.

அவர் வேறு நிறுவனத்துக்காரர் ஆயிற்றே என்பார்கள். புகார் தரும் பெண்ணின் பணியிடக் குழுவே வேறு துறையைச் சேர்ந்தவரையும் விசாரிக்கலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பரில் அதை உறுதி செய்தது. உங்கள் குழு விசாரித்து அறிக்கை அனுப்பும். நடவடிக்கை எடுப்பது அவருடைய நிர்வாகத்தின் பொறுப்பு. அந்த வழக்கு அரசுத் துறை அலுவலர்களைப் பற்றியது. ஆனாலும் அதன் நியாயம் உங்களுக்கும் பொருந்தும் என்பதே என் கருத்து. அவருடைய சக ஊழியர்கள் உட்கார்ந்திருக்கும் குழு முன்னால், முன்பின் தெரியாத ஊரில் போய் நில் என்றால் எந்த மாணவி புகார் கொடுக்க முன்வருவாள்? இந்தத் தீர்ப்புகளைப் புகாரிலேயே குறிப்பிடுங்கள். கருத்தரங்கை நடத்திய பல்கலைக்கழகத்தின் குழுவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். வெளியிலிருந்து வந்தவர் செய்யும் துன்புறுத்தலையும் யுஜிசி விதிகள் கணக்கில் எடுக்கின்றன. விருந்தினர் என்பது ஒரு விலக்கு அல்ல.

உங்களை உண்மையில் தூங்கவிடாமல் செய்வது புறத்தேர்வாளர் பற்றிய பயம் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. நியாயமான பயம். ஒரு துறையில் இருக்கும் பெரியவர்கள் சிலரே. கட்டுரையை மதிப்பிடுபவரும் வேலைக்கான நேர்காணலில் உட்காருபவரும் அவர்களேதான். பல மாணவிகள் வாயைத் திறக்காததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதையும் நான் பார்த்ததில்லை. இதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. எதிர்மனுதாரர், அதாவது நீங்கள் புகார் கொடுத்த பேராசிரியர், உங்கள் ஆய்வையோ தேர்வையோ மதிப்பிடக் கூடாது என்று விசாரணை முடியும் முன்பே இடைக்கால நிவாரணம் கேட்கலாம். தேர்வாளர் பட்டியல் உங்கள் பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பதால் இதைச் செயல்படுத்துவதில் சிரமமே இல்லை. புகாரின் கடைசிப் பத்தியில் தனியாக, தெளிவாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் தர மாட்டார்கள்.

வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். அவர் எண்ணைத் தடை செய்தாலும் உரையாடல் இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட் குழுவுக்குப் போதும். நீதிமன்றம் என்று வந்தால் அசல் கைப்பேசி தேவைப்படும். அழைப்பிதழ், அமர்வு நிரல், பங்கேற்புச் சான்றிதழ், அறையில் இருந்த இருவர் மூவரின் பெயர்கள் ஆகியவற்றை இணையுங்கள். ஒருங்கிணைப்பாளர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். குழு முன் வழக்கறிஞர் வாதாட அனுமதியில்லை. உங்கள் தரப்பை நீங்களேதான் சொல்ல வேண்டும். அதனால் நடந்ததை நேர வரிசைப்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காவல் நிலையத்துக்குப் போகும் உரிமை இதிலிருந்து தனியானது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 75-இன்படி, பாலியல் நோக்கத்துடன் தொடுவதற்கும் இணங்கும்படி கேட்பதற்கும் 3 ஆண்டு வரை கடுங்காவல் சிறை. ஆபாசமாகப் பேசுவதற்கு ஓராண்டு வரை. நீங்கள் விரும்பினால் அதற்கு உதவுவது நிர்வாகத்தின் சட்டப்படியான கடமை.

விசாரணையை 90 நாட்களில் முடிக்க வேண்டும். இடையில், ‘மன்னிப்புக் கேட்டுவிட்டார், முடித்துக்கொள்ளம்மா’ என்று யாராவது சொல்லக்கூடும். சமரசம் என்பது நீங்களாகக் கேட்டால் மட்டுமே நடக்கும். பணம் அதற்கு அடிப்படையாகவே இருக்கக் கூடாது. உங்களுக்கு விருப்பமில்லை என்றால், விசாரணையைத் தொடருங்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்து, நகலில் தேதியுடன் பெறுகைக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.